கர்ப்பகாலத்தில் பிரஷர்: சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் கர்ப்பிணிகளுக்காகவும், கூடவே கிளினிக்குக்கு வரும் அம்மா, மாமியார், வீட்டுக்காரர் ஆகியோருக்காகவும் எழுதியது இது. மருந்துகளின் பெயரையும் அளவையும் சில இடங்களில் சொல்லியிருக்கிறோம். டாக்டர் ஏன் அதைத் தருகிறார் என்று புரிவதற்காக மட்டுமே. இதைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எவ்வளவு இருந்தால் பிரஷர் கூடுதல்?

மேல் எண் 140, அல்லது கீழ் எண் 90. இரண்டில் ஒன்று தொட்டாலே கணக்குதான். "136/94, மேலே நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு, அதுவும் கூடுதல்தான். ஒரே தடவை அளந்து பெயர் வைக்க மாட்டார்கள். குறைந்தது 4 மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஆனால் 160/110 தொட்டுவிட்டால் அவ்வளவு நேரம் காத்திருக்கும் பேச்சே இல்லை. சில நிமிடங்களில் மறுபடி பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த அளவில் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது.

எல்லாம் ஒரே பிரஷர்தானா? ஒருவர் ஒரு பெயர், இன்னொருவர் வேறு பெயர் சொல்கிறார்களே?

மூன்று வகை. கர்ப்பத்துக்கு முன்பிருந்தோ 20 வாரத்துக்கு முன்போ காணப்பட்டால் அது நாள்பட்ட பிரஷர். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக வந்து, வேறு கோளாறு எதுவும் இல்லையென்றால் கர்ப்பகால பிரஷர். 20 வாரத்துக்குப் பிறகு வந்த பிரஷரோடு சிறுநீரில் புரதம் போனால், அல்லது சிறுநீரகம், ஈரல், ரத்தத் தட்டணுக்கள், மூளை, குழந்தையின் வளர்ச்சி இவற்றில் ஏதாவது பாதிக்கப்பட்டிருந்தால் அது பிரீஎக்லாம்சியா. புரதம் இல்லாமலும் பிரீஎக்லாம்சியா வரும். அதனால் "யூரின் கிளியர்" என்று கேட்டதும் நிம்மதியாகிவிட முடியாது. வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்சியா. முதல் இரண்டு வகையும் பிரீஎக்லாம்சியாவாக மாறக்கூடும். அடிக்கடி வரச் சொல்வது அதற்காகத்தான்.

முதல் மூன்று மாதத்தில் கிளினிக்குக்குப் போகாதவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். 26 வாரத்தில் முதன்முதலாகப் போய் 150/96 என்று வந்தால், அது பழைய பிரஷரா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் பிரஷர் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். பழைய பிரஷர் அந்த நேரத்தில் ஒளிந்துகொண்டு, பிறகு தலைகாட்டும். 12 வாரத்துக்குள் எடுத்த ஓர் அளவு, கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் பிங்க் புத்தகத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

எனக்கு ஏன் வந்தது? உப்பு அதிகம் சாப்பிட்டதாலா, கோபப்பட்டதாலா?

இரண்டும் இல்லை. கோளாறு தொடங்குவது நச்சுக்கொடியில் (பிளசென்டா). கர்ப்பத்தின் முதல் பாதியில், கருப்பையின் சுருண்ட சிறு ரத்தக்குழாய்கள் அகன்று, நச்சுக்கொடிக்கு ரத்தத்தைத் தாராளமாக விட வேண்டும். சிலருக்கு அவை சரியாக அகலுவதில்லை. ரத்தம் போதாத நச்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவை உடல் முழுவதும் ரத்தக்குழாய்ச் சுவர்களைக் கெடுக்கின்றன. பிரஷர் ஏறுவது, புரதம் ஒழுகுவது, கண் மங்குவது எல்லாம் அதன் விளைவு. நச்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோயின் வேர் போகும் என்பதும் இதனால்தான்.

முதல் பிரசவம், 40 வயது தாண்டியது, கூடுதல் எடை, இரட்டைக் குழந்தை, முந்தைய கர்ப்பத்திலும் பிரஷர், இனிப்புநீர் (சர்க்கரை நோய்), சிறுநீரக நோய், லூப்பஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இருந்தது, கடைசிப் பிரசவத்துக்குப் பின் 10 ஆண்டு இடைவெளி: இவை வாய்ப்பைக் கூட்டும். இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தினாலும் முதல் வருகையிலேயே மிஸியிடம் (தாதி) சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு அந்தக் காலத்தில் "ஜன்னி" வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். அது எக்லாம்சியாவாகவும் இருந்திருக்கலாம்; அதையும் சொல்லுங்கள்.

வராமல் தடுக்க மருந்து இருக்கிறதா?

ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு உண்டு. குறைந்த அளவு ஆஸ்பிரின், 75 முதல் 150 மில்லிகிராம் வரை, இரவில். 12 வாரத்தில், கடைசிக் கெடுவாக 16 வாரத்துக்குள், தொடங்கினால்தான் நல்ல பலன். ரத்தக்குழாய்கள் அகலும் வேலை நடக்கும் காலம் அது. பெரும்பாலும் 36 வாரம் வரை தருவார்கள். "ரத்தம் இளகும் மருந்தாச்சே, பிள்ளைக்கு ஆகாது" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பால், நெத்திலி, தவ்வு (டோஃபு) போன்றவை குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு கால்சியம் மாத்திரையும் உதவும். கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் போடாதீர்கள். கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாது. இரும்பு மாத்திரை போட்ட கையோடு தே தாரிக் குடிப்பதும் அப்படித்தான்.

கிளினிக்கில் ஒரு அளவு, வீட்டில் ஒரு அளவு வருகிறது. எதை நம்புவது?

முதலில் எப்படி அளந்தீர்கள் என்று பார்க்க வேண்டும். வெயிலில் மோட்டாரில் வந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினால் எண் ஏறித்தான் காட்டும். சரியான முறை இது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பி, தேநீர் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, 5 நிமிடம் சும்மா இருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. கையை மேசை மேல் வைத்து, பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். கை தொங்கினால் அளவு கூடும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். ரவிக்கைக் கையைச் சுருட்டி இறுக்கி அதன்மேல் கட்டாதீர்கள். இயந்திரம் ஓடும்போது பேச வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டையும் எழுதுங்கள். 143 வந்தால் 143 என்றே எழுதுங்கள், 140 ஆக்க வேண்டாம்.

பெரும்பாலும் கோட்டை விடுவது பட்டையின் அளவில். மேல் கையின் நடுச்சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 32 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெட்டியோடு வரும் சாதாரணப் பட்டை உங்களுக்குச் சின்னது. சின்னப் பட்டை இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும். மணிக்கட்டில் கட்டும் கருவியை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் இயந்திரத்தை ஒரு தடவை கிளினிக்குக்கே கொண்டுபோய், அங்கேயுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்து, வீட்டில் மட்டும் நல்ல அளவு வருகிறது என்றால், அது கிளினிக் பதற்றமாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் நோட்டைப் பார்க்கும் டாக்டர்.

பிங்க் புத்தகத்தில் ஒட்டும் நிறங்களுக்கு என்ன பொருள்?

வெள்ளை: மிஸியே தொடர்ந்து பார்ப்பார். பச்சை: கிளினிக் டாக்டர் பார்ப்பார். மஞ்சள்: நிபுணருக்கோ மருத்துவமனைக்கோ அனுப்பிப் பார்க்க வேண்டியது. சிவப்பு: அன்றே, அப்போதே மருத்துவமனை. நிறம் ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் மாறும். போன மாதம் பச்சை என்பதால் இந்த மாதமும் பச்சை என்று இருந்துவிடாதீர்கள்.

கால் வீங்கினாலே பிரஷரா?

பால்மரம் சீவி, நாள் முழுக்க நின்ற கால் மாலையில் வீங்கும். இரவு படுத்தால் இறங்கும். அது பெரும்பாலும் சாதாரணம். காலையில் எழுந்ததும் முகம் உப்பியிருப்பது, மோதிரம் விரலை விட்டு வராதது, ஒரே வாரத்தில் எடை 1 கிலோவுக்கு மேல் ஏறுவது ஆகியவை வேறு கணக்கு. ஏழாம் மாதம் வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல் அன்றைக்குக் கையில் தாராளமாக ஓடியிருக்கும். இரண்டு வாரத்தில் அது சதையில் பதிந்து தடம் விட்டால், போய் அளந்து பாருங்கள். வீக்கமே இல்லாமலும் பிரஷர் 170 இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பார்லித் தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. பிரஷரை அது இறக்காது. கடையில் "தண்ணி மாத்திரை" வாங்கிப் போடுவது ஆபத்து. பிரீஎக்லாம்சியாவில் ரத்தக்குழாய்க்குள் நீர் ஏற்கெனவே குறைவு. அதை இன்னும் வற்ற வைத்தால் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும்.

எந்த அறிகுறி வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது?

பனடோல் போட்டும் விடாத தலைவலி. கண்ணில் பூச்சி பறப்பது, மின்னுவது, மங்குவது. நெஞ்சுக்குழியிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ வலி. 20 வாரத்துக்குப் பின் புதிதாக வாந்தி. மூச்சுத் திணறல். ரத்தப்போக்கு, வயிறு கல்லாக இறுகுவது. குழந்தை அசைவு குறைவது.

இவற்றில் உயிரைக் குடிப்பது அந்த நெஞ்சுக்குழி வலிதான், ஏனென்றால் அதைக் கேஸ்ட்ரிக் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு வலி வருகிறது. காற்று என்று ஓமத் தண்ணீர் குடித்து, வயிற்றில் தைலம் தேய்த்து, கேஸ்ட்ரிக் மருந்து ஒரு கரண்டி விழுங்கிப் படுக்கிறார்கள். உண்மையில் ஈரல் வீங்கி அதன் உறை இழுபடுவதால் வரும் வலி அது. ஈரல் கெட்டு, ரத்தச் சிவப்பணு உடைந்து, தட்டணு இறங்கும் ஹெல்ப் (HELLP) எனும் நிலையின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். அப்போது பிரஷர் அவ்வளவாக ஏறாமலும் இருக்கும். ஆகவே 20 வாரம் தாண்டியவர்களுக்கு மேல்வயிற்று வலி வந்தால் கேஸ்ட்ரிக் என்று முடிவு கட்டும் முன் பிரஷரும் ரத்தமும் பார்த்தாக வேண்டும்.

குழந்தை அசைவை எப்படி எண்ணுவது?

28 வாரத்திலிருந்து, காலை 9 மணிக்குத் தொடங்கி, புத்தகத்தில் உள்ள கட்டத்தில் குறியுங்கள். இரவு 9 மணிக்குள் 10 அசைவு வர வேண்டும். வழக்கமாகப் பகல் 12 மணிக்கே பத்து முடிந்துவிடும் குழந்தை, இன்றைக்கு மூன்று மணியாகியும் நான்குதான் என்றால் ஒன்பது மணி வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

என்ன மாத்திரை கொடுப்பார்கள்? பிள்ளையைப் பாதிக்காதா?

வழக்கமாக மூன்று: மெத்தில்டோப்பா, லபெட்டலோல், நிஃபெடிபைன். மெத்தில்டோப்பா பெரும்பாலும் 250 மில்லிகிராம் மூன்று வேளையில் தொடங்கும். முதல் நாள்களில் தூக்கம் தூக்கமாக வரும், வாய் வறளும். லபெட்டலோல் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. சிலருக்குத் தலைத்தோல் குறுகுறுக்கும், பயப்பட வேண்டாம். நிஃபெடிபைன் போட்டால் முகம் சிவந்து தலை வலிக்கும். அந்த வலி மருந்தாலா நோயாலா என்று பிரஷர் பார்க்காமல் சொல்ல முடியாது. மருந்தால்தான் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள்.

இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று, கிளினிக் நாளில் "ரத்தம் எடுப்பாங்க" என்று காலை மாத்திரையைத் தவிர்ப்பது. அன்றைக்கு அளவு ஏறிக் காட்டும், டாக்டர் மருந்தைக் கூட்டுவார், மறுநாள் இரண்டும் சேர்ந்து தலை சுற்றும். இரண்டு, அளவு 128/80 வந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்துவது. 128/80 வந்ததே மாத்திரையால்தான்.

கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் கவனிக்க: பெரிண்டோபிரில், எனலாபிரில், கேப்டோபிரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை கர்ப்பத்தில் கூடாது. குழந்தையின் சிறுநீரகம் கெடும், பனிக்குட நீர் வற்றும். மாதவிலக்கு தள்ளிப்போனவுடன் மாத்திரை அட்டையோடு கிளினிக்குப் போய் மாற்றி வாங்குங்கள். மாற்று இல்லாமல் சும்மா நிறுத்துவதும் தவறு.

சளி, இருமலுக்குக் கடை மருந்து வாங்கலாமா?

மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும், பிரஷரை ஏற்றும். இருமல் பொடியிலும் லேகியத்திலும் சேரும் அதிமதுரமும் ஏற்றும். நாட்டு மருந்துதானே என்று தைரியமாகச் சாப்பிடுகிறவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள்.

கருவாடு, ஊறுகாய்?

உப்பை அறவே விட்டால் பிரீஎக்லாம்சியா வராது என்பது பழைய நம்பிக்கை; அப்படித் தடுக்க முடியாது. நாள்பட்ட பிரஷர் உள்ளவர்கள் மட்டும் கருவாடு, ஊறுகாய், மேகி பொட்டலத் தூள் இவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சாதாரண சமையல் உப்போடு சாப்பிடலாம்.

வேலைக்குப் போகலாமா?

அளவு கட்டுக்குள் இருந்தால் இலகு வேலை செய்யலாம். மருந்து அடிப்பது, உரமூட்டை தூக்குவது, செம்பனை உதிரிப் பழம் பொறுக்கக் குனிந்து நிமிர்வது வேண்டாம். டாக்டரிடம் இலகு வேலைக் கடிதமோ எம்.சி.யோ (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) எடுபடாது. முழு நேரமும் கட்டிலில் படுத்தே கிடப்பதால் பலன் எதுவும் இல்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்து அதை எடுக்கலாம்.

வீட்டில் வலிப்பு வந்துவிட்டால்?

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கூரான பொருள்களைத் தள்ளி வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. பல் உடையும், புரை ஏறும். எத்தனை நிமிடம் நீடித்தது என்று மணி பாருங்கள். ஒருவர் 999 அழைக்க வேண்டும்.

அழைப்பில் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிஷன், பெரிய சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், கோயில், பாலம், எடை நிலையம் போன்ற எந்த அடையாளம் என்று சொல்லுங்கள். இரவில் செம்பனைக்குள் எல்லா மண்சாலையும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு ஆளை மோட்டாரில் சந்திப்புக்கு அனுப்பி, விளக்கைப் போட்டபடி நிற்கச் சொல்லுங்கள். கேட் பூட்டுகிற தோட்டம் என்றால் காவலாளியின் எண் எட்டாம் மாதமே வீட்டில் எல்லோர் போனிலும் இருக்க வேண்டும். பிங்க் புத்தகம், அடையாள அட்டை, மாத்திரை அட்டை மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். கண்ணாடி வளையலைக் கழற்றிவிட்டால் ஊசி போடுகிறவர்களுக்கு எளிது.

வலிப்புக்கு மருந்து மெக்னீசியம் சல்பேட். மருத்துவமனையில் முதலில் 4 கிராம் நரம்பு வழியாக, பிறகு மணிக்கு 1 கிராம், கடைசி வலிப்புக்கோ பிரசவத்துக்கோ பின் 24 மணி நேரம் வரை தருவார்கள். கிளினிக்கிலிருந்து அனுப்பும் முன் பிட்டம் இரண்டிலும் 5 கிராம் வீதம் ஊசியாகப் போடுவதும் உண்டு. ஊசி வலிக்கும், உடம்பு சூடாகும். வழியில் மறுபடி வலிப்பு வராமல் காக்கும்.

ஏன் இங்கேயே பிரசவம் பார்க்காமல் ஈப்போவுக்கு அனுப்புகிறார்கள்?

நிபுணர், ரத்த வங்கி, குறைமாதக் குழந்தைக்கான தீவிரக் கவனிப்பு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். நமக்கு அது ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் உள்ள ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. வலி எடுத்த பின் போவதைவிட முன்பே போய்ப் படுப்பது மேல்.

ஆபரேஷன்தானா?

பிரஷருக்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. பிரீஎக்லாம்சியா என்றால் 37 வாரத்தில் வலி வர வைத்துப் பார்ப்பார்கள். கடுமையாகிவிட்டால் 34 வாரத்திலோ, தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் அதற்கும் முன்போ எடுக்க வேண்டியிருக்கும். அப்போது குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட, டெக்ஸாமெத்தசோன் 12 மில்லிகிராம் ஊசி இரண்டு, 12 மணி நேர இடைவெளியில் தாய்க்குப் போடுவார்கள். அந்த ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். சொன்ன நாளில் படுக்கப் போகாமல் "ரெண்டு நாள் கழிச்சு வர்றோம்" என்பவர்கள் இழப்பது இந்த நேரத்தைத்தான்.

பிள்ளை பிறந்தாச்சு. இனி பிரஷர் போய்விடுமா?

உடனே போகாது. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் மறுபடி உச்சத்துக்குப் போவது வழக்கம். அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். வலிப்பு முதன்முறையாகப் பிரசவத்துக்குப் பின் வருவதும் உண்டு. மிஸி வீட்டுக்கு வந்து அளக்கும்போது "தூங்குறா, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். தலைவலியைப் பனிக்காற்று, தலையில் ஈரம் என்று விட்டுவிடவும் வேண்டாம்.

பத்தியத்தில் பூண்டு, மிளகு, நல்லெண்ணெய் சாப்பிடலாம். தினம் மூன்று வேளையும் கருவாடு வேண்டாம். தண்ணீரைக் கட்டுப்படுத்துவது தவறு. பிரஷர் இருந்த தாய்க்குக் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். மெத்தில்டோப்பா மனச்சோர்வைக் கூட்டும் என்பதால் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். லபெட்டலோல், நிஃபெடிபைன், எனலாபிரில் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். கர்ப்பத்தில் கூடாது என்ற எனலாபிரில் இப்போது வருகிறதே என்று குழம்ப வேண்டாம். பாலில் கலப்பது மிகக் குறைவு. 12 வாரத்துக்குப் பிறகும் அளவு இறங்கவில்லை என்றால் அது நாள்பட்ட பிரஷர். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்த்து, ஊசி, கைக்குள் வைக்கும் குச்சி, காப்பர்-டி இவற்றில் ஒன்றைக் கேளுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

பிரீஎக்லாம்சியா வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மறுபடி வரும். முதல் தடவை மிகச் சீக்கிரம், 34 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வேண்டி வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். நாற்பது, ஐம்பது வயதில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். அதனால் பிள்ளை வளர்ந்த பிறகும் ஆண்டுக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிங்க் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வாரத்தில் ஏறியது, எவ்வளவு புரதம், எந்த மருந்து ஒத்துக்கொண்டது எல்லாம் அதில்தான் இருக்கிறது. அடுத்த தடவை நாள் தள்ளிப்போன வாரமே அதை எடுத்துக்கொண்டு போனால், ஆஸ்பிரின் தொடங்க 16 வாரக் கெடுவுக்குள் நேரம் தாராளமாக இருக்கும்.